வணிக மேம்பாட்டு வட்டாரம்

வணிக மேம்பாட்டு வட்டாரம் என்பது ஒரு கடைத்தெருவின் எல்லையைச் சட்டப்படி வரையறுத்து, அதற்குள் உள்ள வணிகச் சொத்துகள் அனைத்தின்மீதும் கூடுதல் வரி விதித்து, அந்தப் பணத்தை அந்தத் தெருவுக்கே செலவிடும் ஏற்பாடு. வரியைத் தண்டுவது நகராட்சி. எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்வது வணிகர்களும் சொத்து உரிமையாளர்களும் அடங்கிய மேலாண்மைக் குழு. உலகின் முதல் வட்டாரம் 1970இல் கனடாவின் டொராண்டோ நகரில், புளூர் வெஸ்ட் வில்லேஜ் கடைத்தெருவில் அமைந்தது.

தோற்றம்

1964இல் டொராண்டோவின் வடபகுதியில் யார்க்டேல் பேரங்காடி திறக்கப்பட்டது. காரில் போய், மழையிலும் பனியிலும் நனையாமல் பொருள் வாங்கும் வசதி மக்களுக்குப் பழகியது. 1968இல் சுரங்க ரயில் பாதை மேற்கே இஸ்லிங்டன் வரை நீண்டபோது, புளூர் தெருவில் எஞ்சியிருந்த டிராம் ஓட்டமும் நின்றது. அதுவரை டிராம் ஜன்னல் வழியே கடைகளைப் பார்த்து, மனம் மாறி இறங்கி வந்தவர்கள், இப்போது அதே கடைகளை நிலத்துக்கு அடியிலேயே கடந்து போனார்கள்.

தெருவைச் சீர்செய்ய வணிகர்கள் சங்கம் வைத்துச் சந்தா திரட்டுவது புதிதல்ல. ஆனால் பத்துப் பேர் பணம் போட்டு விளக்கு வைத்தால், பணம் போடாதவர் கடை வாசலிலும் அதே வெளிச்சம் விழும். அடுத்த ஆண்டு அந்தப் பத்துப் பேரும் யோசிப்பார்கள். சங்கங்கள் ஓய்ந்துபோக இதுவே பெரும்பாலும் காரணம். புளூர் வணிகர்கள் கேட்டது இதற்கான மருந்தை: பயன் பெறும் எல்லோரும் செலுத்தியே ஆகவேண்டும் என்ற சட்டத்தை. ஒன்டாரியோ மாகாணம் 1969இல் அதற்கு வழிசெய்தது. மறு ஆண்டு டொராண்டோ நகரமன்றம் துணைவிதி இயற்றியது. முதல் ஆண்டு வரவுசெலவு 47,500 டாலர். பூந்தொட்டி, இருக்கை, மரங்களில் விளக்கு என்று கண்ணுக்குத் தெரியும் வேலைகளில் தொடங்கினார்கள். கட்டிய பணம் எங்கே போனது என்று யாரும் கேட்கத் தேவையில்லாத அந்தத் தொடக்கம் மிகச் சரியானது.

தொடங்கும் முறை

வேலையின் பெரும்பகுதி நகரமன்றத்துக்குப் போவதற்கு முன்பே நடக்கிறது. சில வணிகர்கள் ஒரு செயற்குழுவாகக் கூடி, கடை கடையாக ஏறி இறங்கி, தெருவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, உத்தேச வரவுசெலவைத் தயாரிக்கிறார்கள். வரி பொதுவாகச் சொத்து மதிப்பின் விகிதத்தில் பிரிகிறது. வரித் தொகை 1,00,000 டாலர் என்றும், ஒரு கட்டடம் வட்டாரத்தின் மொத்த மதிப்பில் நூற்றில் ஒரு பங்கு என்றும் கொண்டால், அதன் பங்கு 1,000 டாலர்.

எல்லைக்கோடுதான் இதில் கடினமானது. அகலமாகப் போட்டால், வாடிக்கையாளர் கால் எட்டாத கடைசிக் கடைகளும் வரி கட்டவேண்டி வரும். எதிர்ப்பு அங்கிருந்துதான் கிளம்பும். குறுக்கிப் போட்டால் கையில் சேரும் பணம் எதற்கும் போதாது.

ஒன்டாரியோவின் 2001ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டப்படி (டொராண்டோவுக்குத் தனிச் சட்டம் உண்டு), நகரமன்றம் வணிகச் சொத்து உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பும். குத்தகைப்படி வரிச்சுமையை ஏற்கும் வாடகைதாரர்களுக்கு, உரிமையாளர் அதன் நகலை 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும். மறுப்புத் தெரிவிக்க 60 நாள் அவகாசம். அறிவிப்பு பெறத் தகுதியுள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் எழுத்தில் மறுத்து, வட்டாரத்து வணிகச் சொத்துகள்மீதான நகராட்சிப் பொது வரியில் மூன்றில் ஒரு பங்கும் அவர்களுடையதாக இருந்தால் துணைவிதி இயற்ற முடியாது. பதில் எழுதாதவர் எதிர்க்காதவராகவே கணக்கில் சேர்கிறார். அதனால் செயற்குழுவினர் கடைப்படி ஏறுவது வெறும் மரியாதைக்கு அல்ல. கடிதத்தைப் பிரித்துப் பார்க்க நேரமில்லாத சிறு வணிகருக்கு அந்தச் சந்திப்பு ஒன்றே உண்மையான அறிவிப்பு.

மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் குறைந்தது ஒருவரை நகரமன்றம் நேரடியாக நியமிக்கும். மற்றவர்களை வட்டார உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தபின் நகரமன்றம் நியமிக்கும். எத்தனை கட்டடம் வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான். ஆண்டுதோறும் வரவுசெலவுக்கு நகரமன்றத்தின் ஒப்புதல் வேண்டும்.

பரவலும் விமர்சனமும்

நியூயார்க்கின் முதல் வட்டாரம் 1984இல் யூனியன் சதுக்கத்தில் அமைந்தது. இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே 2005இல் கிங்ஸ்டன் அபான் தேம்ஸ் முதலாவதாயிற்று. டொராண்டோவில் தெற்காசியக் கடைகள் நிறைந்த ஜெரார்ட் இந்தியா பஜாரும் இத்தகைய வட்டாரமே.

நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் வட்டாரத்தில், குடியிருப்போரைவிடச் சொத்து உரிமையாளருக்குக் குழுவில் அதிக இடம் கொடுத்தது வழக்காயிற்று. அது செல்லும் என்று 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப்படி சரியானாலும், ஒரு தெருவில் வாழ்பவர்களின் குரல் அங்கே மெலிந்தே ஒலிக்கிறது. தெரு அழகானால் வாடகையும் ஏறலாம். அப்போது வரியில் பங்கு கட்டிய சிறு கடைக்காரரே இடம் மாற நேரிடும்.

கலைப்பதற்கும் விதி உண்டு. இங்கிலாந்தில் ஒரு வட்டாரத்தின் ஆயுள் அதிகபட்சம் 5 ஆண்டு. அதன்பின் மறுவாக்கெடுப்பில் வாக்களித்தவர்களின் எண்ணிக்கையிலும் சொத்து மதிப்பிலும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் அது முடிந்துபோகும். ஒன்டாரியோவில் அப்படிக் காலவரம்பு இல்லை. புதிய வட்டாரத்தைத் தடுக்க மூன்றில் ஒரு பங்கினரும் நகராட்சிப் பொது வரியில் மூன்றில் ஒரு பங்கும் போதும்; அமைந்த வட்டாரத்தை உறுப்பினர்களே கலைக்க நினைத்தால், அறிவிப்பு பெறத் தகுதியுள்ளவர்களில் பாதிப் பேரும் அந்த வரியில் பாதியும் அவர்கள் பக்கம் இருக்கவேண்டும்.