எண்ணாலும் எழுத்தாலும்: ஸ்பானிய மொழியில் பணத்தொகை எழுதிய வரலாறு

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வு பெற்றவனுக்கு நேரம் இருக்கிறது. உங்களுக்கும் இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

செக் எழுதும்போது தொகையை எண்ணால் ஒரு தடவை, எழுத்தால் ஒரு தடவை எழுதுகிறோம். இரண்டும் வேறுபட்டால் எது செல்லும்? நம் நாட்டில் 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது: எழுத்தால் எழுதியதே தொகை. 8,000 என்று எண்ணில் போட்டுவிட்டு "எண்பதாயிரம்" என்று எழுதிக் கையெழுத்திட்டால் சட்டத்தின் கண்ணில் அது எண்பதாயிரம்தான்.

இதே விதி ஸ்பானிய மொழி பேசும் நாடுகளிலும் உண்டு. என் பழைய மாணவி ஒருத்தி கணக்குத் தணிக்கை வேலையில் இருக்கிறாள். மெக்சிகோவிலிருந்து வரும் பில்களில் தொகைக்குப் பின்னால் "00/100 எம்.என்." என்று இருக்கிறதே, அது என்ன சார் என்று போனில் கேட்டாள். 00/100 என்பது சில்லறை: நூறு சென்டாவோவில் பூஜ்யம். எம்.என். என்பது "மொனேதா நாசியோனால்", அதாவது நாட்டு நாணயம். நாம் கடைசியில் "மட்டும்" என்று எழுதி முடிக்கிறோம் அல்லவா, அங்கே அந்த வேலையை இது செய்கிறது. இதைத் தேடப் போய்த்தான் பின்னால் இவ்வளவு வரலாறு இருப்பது தெரிந்தது.

13ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும். காஸ்தீய நாட்டு அரசர் பத்தாம் அல்போன்சோ காலத்தில் தொகுத்த "சியெத்தே பார்த்திதாஸ்" என்ற சட்ட நூலில் பத்திர எழுத்தர்களுக்கு ஒரு கட்டளை இருக்கிறது. ஆள் பெயரையோ, ஊர்ப் பெயரையோ, பணத்தொகையையோ சுருக்கி ஒற்றை எழுத்தாகப் போடக் கூடாது. முழுச் சொல்லாக எழுத வேண்டும்.

ஏன் இந்தக் கெடுபிடி? அன்றைக்கு ரோமன் எண்கள்தான் வழக்கம். ஏழு என்று எழுதியதன் பக்கத்தில் ஒரு கோடு இழுத்தால் எட்டு. அதற்கு அஞ்சியே கடைசிக் கோட்டைக் கீழே நீட்டி வளைத்து முடிப்பார்கள். அரபியர் வழியாக வந்த நம் இந்திய எண்களுக்கும் முதலில் இதே சந்தேகம்தான். 0 என்பதை 6 ஆக்கவும் 9 ஆக்கவும் ஒரு வால் போதும். இத்தாலியின் பிளாரன்ஸ் நகரப் பணமாற்று வணிகர் சங்கம் 1299இல் தன் உறுப்பினர்கள் கணக்குப் புத்தகத்தில் இந்த எண்களை எழுதக் கூடாதென்று தடையே போட்டது. ஸ்பானியர்கள் இந்த எண்களுக்கு வைத்த பெயர் "குவாரிஸ்மோ". அல் குவாரிஸ்மி என்ற கணித மேதையின் பெயர் திரிந்து வந்த சொல் அது.

கொலம்பஸின் முதல் பயணத்துக்கு அரசவை அதிகாரி லூயிஸ் தெ சாந்தாங்கெல் ஏற்பாடு செய்து கொடுத்த தொகை 11,40,000 மராவெதி. அன்றைய கணக்கு மொழியில் இது "ஒரு குவெந்தோவும் நூற்று நாற்பதாயிரமும்". குவெந்தோ என்றால் பத்து லட்சம். அதே சொல்லுக்கு ஸ்பானிய மொழியில் "கதை" என்றும் பொருள் உண்டு. கணக்கும் கதையும் ஒரே சொல்லில் இருப்பது எனக்கு வேடிக்கையாகப் பட்டது.

எண்ணை மட்டும் எழுதினால் போதாது, எந்த நாணயம் என்றும் எழுத வேண்டும். ஒரு ரியால் என்றால் 34 மராவெதி. எட்டு ரியால் சேர்ந்தது ஒரு பேசோ, அதாவது 272 மராவெதி. ஒரு துக்காதோ 375 மராவெதி. பத்திரத்தில் வெறுமனே "நூறு" என்று இருந்தால் கொடுத்தவனும் வாங்கியவனும் கோர்ட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இனி நவீன காலம். மெக்சிகோவின் 1932ஆம் ஆண்டுக் கடன் ஆவணச் சட்டம், 16ஆம் பிரிவு: எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தே செல்லும். தொகையைப் பல இடங்களில் எழுதி அவை வேறுபட்டால் குறைந்த தொகையே செல்லும். ஸ்பெயினின் 1985ஆம் ஆண்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. கடன் வாங்கியவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்த விதி இது, எனக்குப் பிடித்திருக்கிறது. ஏனென்றால் இந்தச் சட்டம் பெரிய கம்பெனிகளின் செக்குகளுக்கு மட்டும் உரியதல்ல. நம் ஊர் புரோநோட்டு மாதிரி அங்கே "பகாரே" என்று ஒன்று உண்டு. "கொடுப்பேன்" என்பதே அந்தச் சொல்லின் பொருள். அவசரத்துக்குக் கடன் வாங்கும் ஏழை எளியவரும் அதில்தான் கையெழுத்திடுகிறார்.

எழுத்துதான் செல்லும் என்றால் எழுத்தில் பிழை வந்தால் என்ன ஆகும்? ஸ்பானிய மொழியில் அறுபது "செசெந்தா". எழுபது "செதெந்தா". அவர்கள் எழுத்திலும் ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். 60,000 என்று எண்ணில் சரியாகப் போட்டு, எழுத்தில் கை தவறி "செதெந்தா மில்" என்று எழுதிவிட்டால் கடன் எழுபதாயிரம் பேசோ. ஓர் எழுத்தின் விலை பத்தாயிரம்! எழுத்துப்பிழைக்கு அரை மதிப்பெண் குறைத்தபோது என்னிடம் சண்டைக்கு வந்த பெற்றோர்களை நினைத்துக்கொண்டேன்.

நமக்குப் பழக்கமான ஒன்றும் அங்கே இருக்கிறது. நாம் "நூறு ரூபாய்" என்கிறோம். 101 வந்தால் நூறு என்பது "நூற்று" ஆகிறது. அங்கேயும் நூறு பேசோ "சியென் பேசோஸ்", நூற்றொரு பேசோ "சியெந்தோ உன் பேசோஸ்". நம் பிள்ளைகள் தொள்ளாயிரத்தை "ஒன்பதுநூறு" என்று எழுதுவது போல, அங்கே ஐந்து என்பதோடு நூறைச் சேர்த்து "சிங்கோசியெந்தோஸ்" என்று எழுதினால் தவறு. ஐந்நூறுக்கு "கினியெந்தோஸ்" என்று தனி வடிவம்.

ஆயிரத்துக்கு வெறும் "மில்" போதும், "உன் மில்" (ஓர் ஆயிரம்) என்று எழுதக் கூடாது என்பது அவர்கள் இலக்கணம். ஆனால் லத்தீன் அமெரிக்காவில் செக் எழுதுகிறவர்கள் பலர் வேண்டுமென்றே "உன் மில்" என்று எழுதுகிறார்கள். காரணம் எளிது. "மில் பேசோஸ்" என்று இடம் விட்டு எழுதினால் யாராவது முன்னால் "தோஸ்" என்று சேர்த்து இரண்டாயிரம் ஆக்கலாம். "சியென்" சேர்த்து லட்சம் ஆக்கலாம். "உன்" அந்த வாசலை அடைக்கிறது. நான் இலக்கண வாத்தியார்தான். இந்த இடத்தில் மட்டும் இலக்கணப் பிழையின் பக்கமே நிற்பேன்.

அடுத்தது பால். ஸ்பானிய மொழியில் பெயர்ச்சொற்களுக்கு ஆண்பால், பெண்பால் உண்டு; இருநூறு முதல் தொள்ளாயிரம் வரை நூறுகளும் அதற்கேற்ப மாறும். 1868 முதல் ஸ்பெயினின் நாணயமாக இருந்த பெசெத்தா பெண்பால். அதனால் இருநூறு பெசெத்தா "தோசியெந்தாஸ்". 2002இல் யூரோ நோட்டும் காசும் கைக்கு வந்தன. யூரோ ஆண்பால், இருநூறு யூரோ "தோசியெந்தோஸ்". நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் "தாஸ், தாஸ்" என்று எழுதிவந்த ஒரு நாடே "தோஸ், தோஸ்" என்று கையைத் திருப்ப வேண்டியிருந்தது. அதோடு ஒரு யூரோவுக்கு 166.386 பெசெத்தா என்ற கணக்கு வேறு. பத்தாயிரம் பெசெத்தா என்று ஒரே வீச்சில் எழுதியவர் இப்போது "அறுபது யூரோ பத்து சென்டிமோ" என்று எழுத வேண்டும்.

இதில் இன்னொரு நுணுக்கம். இரண்டு லட்சம் பெசெத்தா என்றால் "தோசியெந்தாஸ் மில்". நாணயத்தின் பெண்பால் ஆயிரத்தைத் தாண்டி வந்து நூறைப் பிடிக்கிறது. இருபது கோடி பெசெத்தா என்றால் "தோசியெந்தோஸ் மில்யோனெஸ் தெ பெசெத்தாஸ்". மில்யோன் தானே ஒரு பெயர்ச்சொல், ஆண்பால். அதைத் தாண்டி நாணயத்தின் செல்வாக்கு செல்லாது. நடுவில் "தெ" என்ற சொல்லும் வர வேண்டும். ஆயிரத்துக்கு அது வராது.

"ஆ" என்று முடிவதெல்லாம் பெண்பால் என்று நினைத்தால் ஹோண்டுராஸில் மாட்டிக்கொள்வீர்கள். அந்நாட்டு நாணயம் லெம்பீரா. ஸ்பானியரை எதிர்த்துப் போரிட்ட லென்கா இனத் தலைவனின் பெயர் அது. ஆகவே ஆண்பால்: "தோசியெந்தோஸ் லெம்பீராஸ்". நிகராகுவாவின் கோர்தோபாவும் அப்படித்தான், ஒரு ஸ்பானியத் தளபதியின் பெயர். நம் ரூபாய் அவர்கள் வாயில் "ரூபியா". அது பெண்பால். இருநூறு ரூபாய் "தோசியெந்தாஸ் ரூபியாஸ்".

எண்ணை மட்டும் நம்ப முடியாததற்கு இன்றும் ஒரு காரணம் இருக்கிறது. 1.500 என்று ஸ்பெயினில் ஒருவர் எழுதினால் ஆயிரத்து ஐந்நூறு. அங்கே புள்ளி ஆயிரத்தைப் பிரிக்க, காற்புள்ளி தசமத்துக்கு. மெக்சிகோவில் புள்ளிதான் தசமம். அதே எண் அங்கே ஒன்றரை. "மில் கினியெந்தோஸ்" என்று எழுதிவிட்டால் இரண்டு ஊரிலும் ஒன்றே. ஆனால் சொல்லும் ஓர் இடத்தில் ஏமாற்றும். ஆங்கிலப் பில்லியன் நூறு கோடி. ஸ்பானிய "பில்யோன்" லட்சம் கோடி, ஆயிரம் மடங்கு பெரியது. நூறு கோடிக்கு அவர்கள் "மில் மில்யோனெஸ்" என்பார்கள். வெனிசுலாவின் அதிபராக இருந்த ரஃபாயெல் கால்தேரா கேட்டுக்கொண்டதன் பேரில் 1995இல் ஸ்பானிய மொழிக் கழகம் இதற்கு "மில்யார்தோ" என்ற தனிச் சொல்லையும் ஏற்றுக்கொண்டது.

வெனிசுலாக்காரருக்கு அந்தச் சொல் ஏன் தேவைப்பட்டது என்பது பின்னால் நடந்ததைப் பார்த்தால் புரியும். விலைவாசி ஏறி, நாணயத்தின் பின்னால் பூஜ்யங்கள் பெருகும்போது அரசுகள் அவற்றை வெட்டிவிடும். மெக்சிகோ 1993இல் மூன்று பூஜ்யங்களை வெட்டியது. 1996 தொடங்கும் வரை ஆவணங்களில் "நுவேவோஸ் பேசோஸ்", புதிய பேசோ, என்றே எழுத வேண்டியிருந்தது. அர்ஜென்டினா 1970, 1983, 1985, 1992 என நான்கு தடவையில் பதின்மூன்று பூஜ்யங்களை வெட்டியது. வெனிசுலா 2008இல் மூன்று, 2018இல் ஐந்து, 2021இல் ஆறு. ஆக மொத்தம் பதினான்கு. 2007இல் அங்கே ஒருவர் பத்திரத்தில் "சியென் பில்யோனெஸ் தெ பொலீவாரெஸ்" என்று இலக்கண சுத்தமாக எழுதி வைத்திருந்தால், நூறு லட்சம் கோடியான அந்தத் தொகையை இன்றைய நாணயத்தில் எழுத இரண்டே சொல் போதும்: "உன் பொலீவார்". ஒரு பொலீவார்.