பதவியால் மாறாத அளவுகோல்

சொல்லும் செயலும் ஒத்திருத்தல் யாவர்க்கும் அணியே. நாட்டை நடத்துவோர்க்கோ அஃது உயிர் போன்றது. ஒருவர் நேர்மையாளரா என்பதை ஒருநாட் செயல்கொண்டு துணிதல் அரிது. சிறு பதவியில் தமக்கு விதித்துக்கொண்ட அளவுகோலைப் பெரும் பதவியிலும் அவர் கைவிடாதிருந்தனரா என்று நோக்குதலே தக்க சோதனையாகும். அச்சோதனையில் தேறிய காமராஜரது சரித்திரம் நம் வேலூர்ப் பகுதியோடு பிணைந்திருப்பதை நம் சங்கத்து அன்பர்கள் அறிதல் நலம்.

1940 டிசம்பரில், தனிநபர் சத்தியாக்கிரகிகளின் ஜாபிதாவுக்குக் காந்தியடிகளின் சம்மதம் பெறும்பொருட்டு வார்தாவுக்குச் செல்லும் வழியில், அவர் குண்டூரில் கைது செய்யப்பட்டு வேலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார். அங்கிருக்கும்போதே, 1941இல், விருதுநகர் நகரசபை அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அவ்வாண்டு நவம்பரில் விடுதலையுற்ற அவர் அப்பதவியை ராஜிநாமாச் செய்தார். முழுக் கடமையும் ஆற்ற இயலாத ஆசனத்தில் அமர்தல் முறையன்று என்பதே அவர் கொண்ட கொள்கை.

1954 ஏப்ரல் 13ஆந் தேதி அவர் சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சரானார். அதுகாலை அவர் சட்டசபை அங்கத்தினரல்லர். மேற்சபை வழியே நுழைதல் எளிது. 1952இல் ராஜாஜி அங்ஙனமே நியமனம் பெற்று முதலமைச்சராயினார். காமராஜரோ பொதுமக்கள் வாக்கையே நாடி, நம் குடியாத்தம் தொகுதி இடைத்தேர்தலில் நின்று வென்றார். அவர் அவ்வூரார் அல்லர். ஆயினும் அவ்வூரார் அவரைத் தெரிந்தெடுத்தனர்.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், மூத்த தலைவர்கள் பதவி துறந்து கட்சிப் பணிக்குத் திரும்புக என்ற திட்டத்தை அவரே வகுத்தார். பிறர்க்கு வகுத்த விதியினின்று தம்மை விலக்கிக்கொள்ளாமல், 1963 அக்டோபர் 2ஆந் தேதி முதலமைச்சர் பதவியினின்று இறங்கினார். பின்னர் காங்கிரஸ் தலைவரானாரே, அதிகாரத்தைத் துறந்தது எங்ஙனம் எனச் சிலர் வினவுவர். வினா நியாயமானதே. ஆயினும் 1964இலும் 1966இலும் பிரதம மந்திரியின் ஆசனம் காலியானபோது, பிறரை அதில் அமர்த்தினாரேயன்றித் தாம் அமர்ந்தாரல்லர். நகரசபைக்கு வைத்த அளவுகோல் நாட்டுக்கும் மாறவில்லை.

இச்சரித்திரத்தால் நமக்காவது என்னை? வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலிய நம் ஊர்களில் எண்ணிறந்த குடும்பங்கள் தோல் தொழிலால் உண்கின்றன. அத்தொழிலின் கழிவு பாலாற்றுப் படுகையின் நீரையும் நிலத்தையும் கெடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளிக்க நேர்ந்தது. இத்தகைய இடத்தில் வாக்குக் கேட்போர் தோல் முதலாளியிடம் ஒன்றும், தொழிலாளியிடம் மற்றொன்றும், கிணறு கெட்ட உழவரிடம் பிறிதொன்றும் பேசுவாராயின், அவரால் மூவர்க்கும் பயனில்லை.

ஆகலின் அன்பர்களே, ‘நம்மவர்’ என்ற ஒன்றையே கருதி வாக்களித்தல் தகாது. நம்மவரே வந்து நிற்பினும், நேற்றுச் சொன்னதை இன்றும் சொல்கின்றனரா, சிறு பதவியில் எங்ஙனம் நடந்தனர் என்று வினவுங்கள். அவ்வினாவுக்கு அஞ்சாதவரை அனுப்புவதே நம் சமூகத்துக்குப் பெருமை.