பள்ளிச் சுவரில் யாருடைய வரலாறு?



பழைய பள்ளிக் கட்டடம் ஒன்று ஊர் வரலாற்று அருங்காட்சியகம் ஆகும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இங்கே படித்தவர்களின் படங்களோடு, படிக்க விடப்படாதவர்களின் கதையும் இடம்பெறுமா?

புனேயில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் 1848இல் பெண்கள் பள்ளி தொடங்கிய பிடேவாடா, கவனிப்பாரற்றுச் சிதைந்து கிடந்தது. நெடிய வழக்குக்குப் பின், நினைவகம் எழுப்புவதற்காக 2023 டிசம்பரில் இடிக்கப்பட்டது. அங்கே கட்டடம் போனாலும் வரலாறு நின்றது. செட்டிநாட்டில் நிலைமை நேர்மாறு. பர்மாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடித் தரையும் மரபுச் சின்னங்களாகப் போற்றப்படுகின்றன. நம் வரலாறு சுவரேறவில்லை.

காரைக்குடியும் தேவகோட்டையும் அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. அம்மாவட்டத்தில் 1930 டிசம்பரில் கள்ளர் சாதியினர் ஆதிதிராவிடர்மீது 8 தடைகளை விதித்தனர். பொன் நகை கூடாது, ஆண்களுக்குச் சட்டை கூடாது, பெண்களுக்கு ரவிக்கை கூடாது, குடையும் செருப்பும் கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளைபோயின. 1931 ஜூனில் 11 தடைகள் வந்தன. ஆதிதிராவிடர் தம் நிலத்தை மிராசுதாரருக்கு மலிவாக விற்றுவிட வேண்டும்; அவர்தம் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மிராசுதாரரின் மாடு மேய்க்க வேண்டும். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஜே. எச். ஹட்டன் இவற்றைத் தம் நூலில் பதிவுசெய்திருக்கிறார்.

நிலமும் எழுத்தும் ஒரே பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். பிள்ளை பள்ளிக்குப் போனால் பண்ணைக்கு ஓர் ஆள் குறையும். பத்திரத்தைப் படிக்கத் தெரிந்தவனிடம் நிலத்தைப் பறிப்பதும் கடினம்.

16 ஆண்டுகள் கழித்து, 1947இல், அழகப்பர் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். அந்தக் கல்விக்கொடையைப் போற்றுவோம். அதே சுவரில் 1931இன் தடைகளும் இடம்பெறட்டும் என்கிறோம்.

இது நடக்கக்கூடியதே. அமெரிக்காவின் டொபீகா நகரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட மன்றோ பள்ளி, பள்ளிகளில் நிறப் பாகுபாடு செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வரலாற்றை 2004 முதல் அருங்காட்சியகமாக நின்று சொல்கிறது. ஒதுக்கியதை மறைக்காமலேயே அரசு அதை நடத்துகிறது.

மாணவர்களே, உங்கள் ஊரின் பழைய பள்ளிக்குப் போங்கள். சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். சேரிப் பிள்ளையின் முதல் பெயர் எந்த ஆண்டில் வருகிறதெனத் தேடுங்கள். பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். அந்த ஆண்டிலிருந்துதான் அது ஊர்ப் பள்ளி.