புற்றுநோய்க்குக் கூட்டு மருந்து

ஒரு படைக்கலத்துக்கு அடங்காத பகையைப் பல படைக்கலங்கள் கொண்டு தாக்குவது போர்முறை. புற்றுநோய் மருத்துவமும் இம்முறையையே மேற்கொண்டது. அதன் வரலாறு அறியத்தக்கது.

1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட சிறுவர்க்கு அமினாப்டெரின் என்னும் மருந்தளித்த செய்தியை வெளியிட்டார். சிலருக்கு நோய் தணிந்தது. ஆயினும் சில திங்களில் மீண்டும் தலைதூக்கியது. மருந்துக்கு மடியாத உயிரணுக்கள் எஞ்சிநின்று பெருகியதே காரணம்.

வழி காட்டியது காசநோய் மருத்துவம். ஸ்ட்ரெப்டோமைசினோடு 'பாஸ்' என்னும் மருந்தையும் சேர்த்தளித்தால், கிருமிகள் மருந்தை எதிர்க்கும் வன்மை பெறுவது பெரிதும் குறையும் என 1950இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் நிறுவினர். ஒன்றுக்குத் தப்புவது மற்றொன்றால் மடியும்.

1960களின் தொடக்கத்தில், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்து மருத்துவர்களான எமில் ஃபிரை, எமில் ஃபிரைரைக் ஆகியோர் சிறுவர்க்கு நான்கு மருந்துகளை ஒருங்கே அளித்தனர். அவற்றுள் ஒன்றான வின்கிரிஸ்டின், நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்படுவது. பிள்ளைகளுக்கு இத்துணை நஞ்சா எனப் பிற மருத்துவர் சிலர் கடிந்தனர். எனினும் அவ்வழியே வளர்ந்த சிகிச்சையால், இன்று வளமிக்க நாடுகளில் அந்நோயுற்ற சிறுவருள் பத்தில் ஒன்பதின்மர் அளவில் பிழைக்கின்றனர்.

எம்மருந்தோடு எதனைச் சேர்ப்பது? நூறு மருந்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 4,950 இணைகள். மும்மூன்றாகச் சேர்த்தால் 161,700 கூட்டுகள். அனைத்தையும் நோயாளரிடம் சோதித்தல் இயலாது. ஆய்வுக்கூடத்திலும் அரிதே.

இங்கேதான் இயந்திரக் கற்றல் துணைக்கு வருகிறது. மருந்துகளின் வேதியமைப்பு, புற்றணுக்களின் மரபணு நிலை, முன்னைய சோதனை முடிவுகள் ஆகியவற்றைக் கணிப்பொறிக்கு ஊட்டுவர். அவற்றிடையே உள்ள தொடர்பைக் கற்று, சோதிக்கப்படாத இணையின் விளைவை அது முன்னுரைக்கும். ஆஸ்திரிய நாட்டு லின்ஸ் பல்கலைக்கழகத்தார் உருவாக்கி 2018இல் அச்சேறிய 'டீப்சினர்ஜி' இத்தகையது. 38 மருந்துகளின் 583 இணைகளை 39 வகைப் புற்றணுக்களில் சோதித்த முடிவுகளை அது பயின்றது. பழகிய மருந்துகளின் புதிய இணைகளை நன்கு கணித்தது. முன்பு காணாத மருந்து வந்தபோது கணிப்புத் தளர்ந்தது.

மேலும், கண்ணாடிக் கலத்தில் வளரும் உயிரணு வேறு. குருதியும் ஈரலும் சிறுநீரகமும் கொண்ட மனித உடல் வேறு. எதனை முதலில் சோதிக்கலாம் எனப் பொறி குறிப்புத் தரலாம். அம்மருந்து நோயாளிக்கு நலமா, நஞ்சா என்பதை, அன்று போலவே இன்றும், நோயாளியின் அருகிருந்து காக்கும் மருத்துவரே கண்டறிதல் வேண்டும்.