இசைத்தட்டும் கேட்போர் கூட்டு முயற்சியும்: இங்கிலாந்துச் சந்தாச் சங்கங்கள், 1923 – 1936

இசைத்தட்டின் வரலாறு பெரும்பாலும் கருவிகளை ஆக்கியோர், கலைஞர், வணிக நிறுவனங்கள் ஆகியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. தட்டுக்களை வாங்கிக் கேட்டோர் அதில் வெறும் நுகர்வோராகவே இடம்பெறுவர். இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட இங்கிலாந்தில் மேலைத்தேயச் செவ்வியல் இசை பதிவு செய்யப்பட்ட முறையை நோக்குமிடத்து, இக்கருத்து முழுமையானதன்று என்பது புலனாகும்.

நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிடங்களுக்குச் சற்று மேற்பட்ட இசையையே கொண்டிருந்தது. வயலின் முதலிய நான்கு நரம்புக் கருவிகளுக்கென இயற்றப்பட்ட அரைமணி நேரப் படைப்பொன்றுக்கு நான்கு தட்டுக்களாவது வேண்டியிருந்தன. ஆகவே நிறுவனங்கள் ஒபராப் பாடல்களையும் சிறு உருப்படிகளையுமே விரும்பின. பெரும் படைப்புக்கள் பல சுருக்கப்பட்டே வெளிவந்தன. கால வரையறை தொழினுட்பத்தின் விளைவு. எதனைப் பதிவது என்ற தெரிவோ இலாப நோக்கின் விளைவு. இவ்விரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாதது.

1923 ஏப்பிரலில் நாவலாசிரியர் கொம்ரன் மக்கென்சி ‘த கிராமபோன்’ என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். அதன் பக்கங்களில் இசைத்தட்டுக்கள் ஒப்புநோக்கப்பட்டன. வாசகரும் தம் விருப்பு வெறுப்புக்களைக் கடிதங்களாக எழுதினர். வீடுகளில் தனித்துக் கேட்கப்பட்ட இசை இவ்வாறு பொது விவாதத்துக்குரிய பொருளாயிற்று. இப்பின்னணியிலேயே 1924இல் தேசிய கிராமபோன் சங்கம் தோன்றியது. சந்தாதாரரின் பணத்தைக்கொண்டு சிறுகுழு இசைப் படைப்புக்களை முழுமையாகப் பதிவதே அதன் நோக்கமாகும். பின்னாளிற் பெரும்புகழ் எய்திய இசைக்குழு நடத்துநர் ஜோன் பார்பிரோலியின் தொடக்ககாலப் பதிவுகள் சில இச்சங்கத்துக்காகவே செய்யப்பட்டன.

நிறுவனங்கள் இவ்வழிமுறையை விரைவிலேயே தமதாக்கின. 1931இல் எச்.எம்.வி. நிறுவனத்தைச் சார்ந்த வோல்ரர் லெக், 500 சந்தாதாரர் முன்வரின் பதிவு நிகழும் என்ற ஏற்பாட்டுடன் ஹியூகோ வொல்ப் சங்கத்தை அமைத்தார். அவ்வழியே பீத்தோவன் சொனாட்டாச் சங்கமும் எழுந்தது. 1932க்கும் 1935க்கும் இடையில் ஆதூர் ஷ்னாபெல் பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களையும் பதிவு செய்தார். அவையனைத்தும் இசைத்தட்டில் இடம்பெற்றது அதுவே முதன்முறையாகும்.

இவ்வளர்ச்சி முரண்பாடற்றதன்று. நிறுவனம் தான் தாங்கவேண்டிய நட்ட அபாயத்தை வாங்குவோர்மீது சுமத்தியது. முன்பணம் செலுத்த இயன்ற வர்க்கத்தினரின் இரசனையே எப்படைப்புப் பதிவாகும் என்பதைத் தீர்மானித்தது. எனினும், ஊர்களிற் கூடியிருந்து தட்டுக்களைக் கேட்டு விவாதித்த கிராமபோன் சங்கங்கள் இதனை ஓரளவு ஈடுசெய்தன. ஒருவர் வாங்கிய தட்டு அங்கே பலருக்குப் பயன்பட்டது. 1936இல் இச்சங்கங்களுக்கெனத் தேசிய சம்மேளனமொன்றும் உருவாயிற்று.

ஷ்னாபெலின் பதிவுகள் இன்றும் செவிமடுக்கப்படுகின்றன. அவற்றில் ஒலிப்பது தனியொரு கலைஞனின் மேதைமை மட்டுமன்று. பெயர் பதியப்படாத கேட்போர் பலரின் கூட்டு முயற்சியும், அம்முயற்சியிற் பங்குகொள்ள வசதியற்றோரின் மௌனமும் அப்பதிவுகளின் வரலாற்றில் அடங்கியுள்ளன. இரசனையின் சமூக வரலாற்றை எழுதப் புகுவோர் இவ்விரண்டையும் ஒருங்கே கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.