மட்டக்களப்பு வாவியின் இரவும் பெற்றோமாக்ஸ் சுவாலையும்

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு, கிழக்கே எழுவான்கரையையும் மேற்கே படுவான்கரையையும் பிரித்து நிற்கும் மட்டக்களப்பு வாவியின் இருமருங்கிலும், மின்சாரம் எட்டாத காலத்து இரவு வெளிச்சம் திரியிலிருந்தோ பந்தத்திலிருந்தோதான் பிறந்தது. கோயிலின் எண்ணெய் விளக்கு, வீட்டுக் குப்பிவிளக்கு, அரிக்கன் லாம்பு, கூத்துக் களரியின் தீப்பந்தம் ஆகிய யாவும் தகனவியல் நோக்கில் ஒரே இனத்தவை. திரியில் ஆவியாகும் எண்ணெயும் சுற்றிலுமுள்ள காற்றும் தனித்தனியே வந்து, சந்திக்கும் இடத்திலேயே எரிவதால் அவற்றைப் பரவற் சுவாலைகள் என்பர். ஒட்சிசன் போதாத உட்பகுதியில் உருவாகும் கரித்துகள்கள் சூடேறி ஒளிர்வதே அவற்றின் மஞ்சள் நிறம், அத்துகள்கள் எரியாமல் தப்புவதே புகைக்கரி.

பேர்லினில் மக்ஸ் கிரெட்ஸ் உருவாக்கி 1910களில் பரவத் தொடங்கிய பெற்றோமாக்ஸ் என்னும் மண்ணெண்ணெய் விளக்கு, இப்பகுதியின் திருமண வீட்டுக்கும் கண்ணகையம்மன் சடங்குக்கும் வடமோடி, தென்மோடிக் கூத்துக் களரிகளுக்கும் வந்து சேர்ந்தபோது, வெளிச்சம் கூடியது மட்டுமன்றிச் சுவாலையின் இனமே மாறியது. எரிபொருளும் காற்றும் எரியுமுன்னரே கலந்துவிடும் முற்கலந்த சுவாலை அது. கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி ஆவிக்குழாயைச் சூடாக்கி, தாங்கியில் காற்றடித்து, ஊசியால் நுண்துளையைத் திறந்துவிட்டால், ஆவியான மண்ணெண்ணெய் அத்துளையினூடாகச் சீறிப் பாய்ந்து, பக்கத்துக் காற்றைத் தன்னோடு இழுத்துக்கொண்டு கலவைக் குழாய்க்குள் நுழையும். அக்கலவையின் சுவாலை நீலமானது, தானாக அதிகம் ஒளிராதது. அதன் வெப்பத்தில் வெண்ணொளி தருவது மேன்டில் எனப்படும் வலைப்பை. கார்ல் ஔவர் என்னும் ஒஸ்திரிய இரசாயனவியலாளரின் சூத்திரப்படி 99 சதவீதம் தோரியம் ஒட்சைட்டும் 1 சதவீதம் சீரியம் ஒட்சைட்டும் கொண்ட அப்பையின் மூலப்பொருளுக்கு இலங்கையோடும் தொடர்புண்டு. ஆனந்த குமாரசுவாமி இலங்கைக் கனிம ஆய்வுக்கு இயக்குநராக இருந்த காலத்தில், 1904இல், சப்பிரகமுவவின் இரத்தினக்கல் மணலில் கண்டறியப்பட்ட தோரியனைற்று என்னும் கனிமத்தின் பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டே.

விளக்கின் நுட்பம் கொந்தளிப்பைக் கையாண்ட விதத்தில் இருக்கிறது. பாய்மம் சீராக வழுக்கிச் செல்லாமல், பெரிதும் சிறிதுமான சுழிகளாகச் சிதறி ஓடும் நிலையே கொந்தளிப்பு. துளையிலிருந்து பாயும் ஆவித்தாரை கடுங் கொந்தளிப்புடையது. அந்தக் கொந்தளிப்பே சில அங்குல தூரத்துக்குள் ஆவியையும் காற்றையும் கலந்து முடிக்கிறது, விளக்கின் ஓயாத இரைச்சலும் பெரும்பாலும் அதனுடையதே. சுவாலை நிற்கும் அகன்ற வாயிலுக்கு வருவதற்குள் ஓட்டம் வேகம் குறைந்து அடங்கிவிடுகிறது. கூத்து விடியும்வரை விளக்கைப் பார்த்துக்கொண்டவர், இரைச்சல் தணிவதைக் கேட்டே மறுபடி காற்றடித்தார். தாங்கியின் அழுத்தம் குறைந்தால் தாரை இழுக்கும் காற்றும் குறைந்து, ஒளி மங்கி, சுவாலை மஞ்சளுக்குத் திரும்பும் என்பது அவருக்கு அனுபவப் பாடம். கலக்கும் இடத்தில் கொந்தளிப்பு, எரியும் இடத்தில் அமைதி எனப் பிரித்து வைத்ததே அவ்விளக்கின் வெற்றி.

இயந்திரங்களில் அப்பிரிவினை சாத்தியமில்லை; அங்கே கொந்தளிப்பினுள்ளேயே எரிதலும் நிகழவேண்டும். ஆனால் இரண்டின் ஆய்வும் தனித்தனியேதான் தொடங்கியது. 1883இல் மன்செஸ்டரில் ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாயத்தை ஓடவிட்டுக் கொந்தளிப்பின் தொடக்கத்தை ஆராய்ந்தார். அதே ஆண்டில் பிரான்சில் மலாரும் லு ஷட்டெலியேயும் வாயுக் கலவையில் சுவாலை முன்னேறும் வேகத்துக்கு விளக்கம் தந்தனர். இரு வழிகளையும் துணிவாக ஒன்றிணைத்தவர், 1940இல் ஜேர்மனியின் கெர்ஹார்ட் டாம்கோலர். மண்ணெண்ணெய் ஆவிக் கலவையில் சுவாலை சாதாரண நிலையில் செக்கனுக்கு அரை மீற்றருக்கும் குறைவாகவே முன்னேறும். அந்த வேகத்தில் விமான இயந்திரம் இயங்காது. சுவாலையின் தடிப்பைவிடப் பெரிய சுழிகள், ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புள்ள அந்தச் சுவாலைப் படலத்தைக் கசங்கிய சீலைபோல் மடித்துப் பரப்பைப் பெருக்குகின்றன என்றும், தடிப்பைவிடச் சிறிய சுழிகள் படலத்தின் உள்ளே புகுந்து வெப்பத்தையும் மூலக்கூறுகளையும் விரைந்து கடத்துகின்றன என்றும் அவர் பிரித்துக் காட்டினார். இரண்டும் எரிதலை விரைவாக்கும். அளவு மீறினால் படலம் இழுபட்டு அணைந்தும் போகும்.

சுவாலையும் கொந்தளிப்பை மாற்றாமல் விடுவதில்லை. எரிந்த வாயு ஆறேழு மடங்கு விரிந்து முடுக்கம் பெறுகிறது. வெப்பத்தால் அதன் பிசுக்குமை உயர்ந்து சிறு சுழிகள் மடிகின்றன. விரிவே புதுக் கொந்தளிப்பைப் பிறப்பிக்கும் என்று 1951இல் கார்லோவிட்ஸும் உடன் ஆய்வாளர்களும் வாதிட்டனர். அழிப்பதா, ஆக்குவதா என்ற அக்கேள்விக்கு ஒரே விடை இல்லை என்பதே இத்துறையை இன்றும் உயிரோடு வைத்திருக்கிறது. நெடுஞ்செழியன் சுவாமிநாதனும் கென் பிரேயும் 2011இல் தொகுத்த கேம்பிரிட்ஜ் நூல் இந்த இருவழி உறவையும் ஆராய்கிறது. களரியில் விளக்கைப் பார்த்துக்கொண்டவரைப் போல இரைச்சலையே கவனித்து, கொந்தளிப்புள்ள எரியறையின் இரைச்சலில் ஒழுங்கின்மை குறைவதே, இயந்திரத்தைச் சிதைக்கவல்ல அதிர்வு நெருங்குவதன் முன்னறிவிப்பு என்று சென்னை ஐ.ஐ.டி.யில் ஆர். ஐ. சுஜித்தின் குழு 2013இல் எடுத்துக்காட்டியது.