ஆப்பில் பொறித்த எண்: பழைய கோல்ட் ரிவால்வர்களும் சேகரிப்பாளரின் சான்றும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க ரிவால்வர்களைச் சேகரிப்பவர் கையில் 1851 மாதிரி கோல்ட் நேவி ஒன்றைக் கொடுத்தால், சிலிண்டரைச் சுற்றிப் பொறித்திருக்கும் கடற்போர்க் காட்சியை ரசிப்பதற்கு முன் அவர் துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்புவார். குழலின் அடியிலும், சட்டகத்திலும், விசைக் காப்பிலும், கைப்பிடிப் பட்டையிலும், சிலிண்டரிலும், கடைசியாகக் குழலைச் சட்டகத்தோடு இறுக்கும் சிறிய ஆப்பிலும் ஒரே வரிசை எண் இருக்கிறதா என்று பார்ப்பார். எல்லாம் ஒத்துவந்தால் ஒரு விலை. ஆப்பு மட்டும் மாறியிருந்தால் கொஞ்சம் தள்ளுபடி. சிலிண்டர் மாறியிருந்தால் பேரமே வேறு. இன்று அசலுக்கு அத்தாட்சியாக மதிக்கப்படும் இந்த எண்கள் அந்த நோக்கத்தில் பொறிக்கப்பட்டவை அல்ல. பாகங்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்த முடியாத ஒரு தொழிற்சாலையின் அன்றாடச் சிக்கலுக்குப் பிறந்த அடையாளம், இருபதாம் நூற்றாண்டில் சேகரிப்பாளர்களின் கையில் சான்றிதழாக மாறியது. அந்த மாற்றத்தால் துப்பாக்கி வரலாறு அடைந்த லாபம் பெரிது. நட்டமும் உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்று நியூ ஜெர்சியின் பேட்டர்சனில் தொடங்கிய முதல் தொழிற்சாலை ஆறே ஆண்டுகளில் நொடித்தது. மெக்சிகோ போரின்போது கேப்டன் சாமுவேல் வாக்கரின் யோசனைகளைச் சேர்த்து உருவான, ஏறத்தாழ இரண்டு கிலோ எடையுள்ள பெரிய ரிவால்வருக்கு அரசு 1,000 துப்பாக்கிகள் கேட்டபோது கோல்ட்டுக்குச் சொந்தத் தொழிற்சாலை இல்லை. 1847இல் எலை விட்னி ஜூனியரின் பட்டறையில்தான் அவை செய்யப்பட்டன. அதன்பின் ஹார்ட்ஃபோர்டில் எழுந்த ஆலையும், எலிஷா ரூட் வடிவமைத்த இயந்திர வரிசைகளும் உலகப் புகழ் பெற்றன. 1851இல் லண்டன் சிவில் பொறியாளர் கழகத்தில் இயந்திர உற்பத்தி பற்றி உரை நிகழ்த்திய கோல்ட், 1853இல் அந்நகரிலேயே கிளை ஆலையும் திறந்தார். எந்தத் துப்பாக்கியின் பாகமும் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்ற பிம்பம் அந்த விளம்பரத்தோடு சேர்ந்தே வளர்ந்தது.

பட்டறையில் நடந்ததோ வேறு. இயந்திரம் வெட்டித் தள்ளிய பாகங்களை மென்மையாக இருக்கும்போதே தொழிலாளி அரத்தால் ராவி ஒன்றோடொன்று இசைய வைப்பார். பிறகு துப்பாக்கியைக் கழற்றி, கடினப்படுத்தச் சிலவற்றை உலைக்கும், நீலமேற்றச் சிலவற்றை வேறு பிரிவுக்கும் அனுப்புவார்கள். அவை திரும்பி வரும்போது பழைய துணையோடு சேர வேண்டும். மாறிச் சேர்ந்தால் மறுபடி அரம்தான். அதற்காகத்தான் பாகத்துக்குப் பாகம் எண் அடித்தார்கள். கோல்ட் ஆலை முழுமையான மாற்றுப்பொருத்தத்தை எட்டவில்லை என்பதை டேவிட் ஹௌன்ஷெல் 1984இல் வெளியிட்ட அமெரிக்க உற்பத்தி வரலாற்று நூலில் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

எண்கள் வெறும் கணக்குக்காகவும் இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். வாக்கர் ரிவால்வர்களில் படைப்பிரிவைக் குறிக்கும் ஏ முதல் ஈ வரையிலான எழுத்துகள் இருப்பது உண்மை. அது ராணுவத்தின் தேவை. ஆனால் கணக்குக்கு ஓரிடத்தில் ஓர் எண் போதும். தனியே எந்த மதிப்பும் இல்லாத ஆப்புக்கு எதற்கு எண்? இன்னொரு சான்றும் உண்டு. மாற்றுப்பொருத்தத்தில் உண்மையாகவே வெற்றி கண்ட ஸ்ப்ரிங்ஃபீல்டு அரசு ஆயுதசாலை தனது 1861 மாதிரி நீள்துப்பாக்கிகளில் ஆண்டைப் பொறித்தது, வரிசை எண்ணைப் பொறிக்கவில்லை. எந்தப் பாகமும் எதனோடும் சேரும் இடத்தில் துணையைத் தேடும் வேலை இல்லை.

இந்த எண்களை வெகுகாலம் யாரும் பொருட்படுத்தவில்லை. ஏனெனில் அந்தத் துப்பாக்கிகளே விரைவில் பழசாகிவிட்டன. முன்னிருந்து பின்வரை முழுவதும் துளையிட்ட சிலிண்டருக்கு ரோலின் வைட் 1855இல் பெற்ற காப்புரிமை ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் கையில் இருந்தது. அதனால் உலோகத் தோட்டாவைப் பின்புறமிருந்து இடும் ரிவால்வர்களை மற்றவர்கள் 1869 வரை தாராளமாகச் செய்ய முடியவில்லை. அந்தத் தடை நீங்கி, 1873இல் கோல்ட்டின் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி வந்ததும், உள்நாட்டுப் போரில் லட்சக்கணக்கில் புழங்கிய வெடிமருந்தும் கேப்பும் இடும் ரிவால்வர்கள் கழிவுச் சரக்காயின. நியூயார்க்கின் பிரான்சிஸ் பேனர்மேன் போன்ற ராணுவ உபரி வணிகர்கள் பழைய ஆயுதங்களை விலைப்பட்டியல் போட்டு விற்றார்கள். அக்காலத்தில் ஒரு துப்பாக்கியைப் பேண வேண்டுமென்றால் அது யாருடைய இடுப்பில் இருந்தது என்பதே கேள்வி. கோல்ட்டின் மனைவி எலிசபெத் 1905இல் ஹார்ட்ஃபோர்டின் வாட்ஸ்வொர்த் அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்த தொகுப்பிலும் கணவரின் நினைவே முதன்மை.

திருப்பம் மெல்ல வந்தது. ஹேவனும் பெல்டனும் 1940இல் வெளியிட்ட கோல்ட் வரலாறும், 1954இல் ஜேம்ஸ் செர்வனின் நூலும் மாதிரிகளை வகைப்படுத்தின. வகைப்படுத்த எண் தேவைப்பட்டது. ஏனெனில் குழலில் பொறித்த தேதியை நம்ப முடியாது. ரெமிங்டனின் புதிய ஆர்மி மாதிரியில் 1858 செப்டம்பர் 14 என்றிருப்பது காப்புரிமை நாள். துப்பாக்கிகளோ பெரும்பாலும் 1863க்குப் பிறகு செய்யப்பட்டவை. ஆனாலும் சந்தையில் இன்றுவரை அதற்கு ‘ரெமிங்டன் 1858’ என்றே பெயர். தவறான பெயர்களுக்கு ஆயுள் கெட்டி. 1950களின் பிற்பகுதியில் இத்தாலியின் பிரெஸ்சியா வட்டாரத்தில் கோல்ட் நேவியின் நகல்கள் செய்யப்பட்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, அசலையும் நகலையும் பிரித்துக்காட்டும் தேவை கூடியது. 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1898இலோ அதற்கு முன்போ செய்யப்பட்டதைத் தொன்மையானது என்று வரையறுத்தது. ஒரே மாதிரி கோட்டின் இருபுறமும் தொடர்ந்து உற்பத்தியானபோது, ஒரு குறிப்பிட்ட சிங்கிள் ஆக்‌ஷன் எந்தப் பக்கம் என்பதைச் சட்டகத்தின் எண்தான் சொல்ல வேண்டியிருந்தது. இப்படி, அறிவின் தேவையும் வணிகத்தின் அச்சமும் சட்டத்தின் கோடும் சேர்ந்து அந்தப் பழைய பட்டறை அடையாளத்துக்குப் புதிய அதிகாரம் கொடுத்தன.

இதற்கு எதிராக வலுவாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: பெரும் பணம் இன்னமும் கதைக்குத்தானே போகிறது? 2021 ஆகஸ்டில் பான்ஹம்ஸ் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் போனது, ஷெரிஃப் பேட் காரெட் 1881இல் பேர்போன கொள்ளையன் பில்லி தி கிட்டைச் சுட்ட கோல்ட். இயந்திர அமைப்பில் அதற்கும் அக்காலத்து மற்ற ஆயிரக்கணக்கான சிங்கிள் ஆக்‌ஷன்களுக்கும் வேறுபாடில்லை. கதைக்கு மவுசு குறையவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தக் கதை வாய்மொழியாக மட்டும் இருந்திருந்தால் அந்த விலை வந்திராது. காரெட்டின் மனைவி அந்தத் துப்பாக்கியைத் திரும்பப் பெற நீதிமன்றம் ஏறியதால் உரிமைத் தொடருக்குப் பதிவு கிடைத்தது. அந்தப் பதிவையும் கையிலுள்ள இரும்பையும் இணைப்பது சட்டகத்திலுள்ள எண்தான். நினைவுப் பொருளும் ஆவணத்தின் வழியாகவே மதிப்புப் பெற வேண்டிய நிலை வந்திருப்பதைத்தான் இந்த விற்பனை காட்டுகிறது.

எண் வழிபாடு எங்கே வழி தவறுகிறது என்பதற்கு ராணுவத்தின் ‘ஆர்ட்டிலரி’ மாதிரியைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 1873 முதல் குதிரைப்படைக்கு வாங்கிய சிங்கிள் ஆக்‌ஷன்களின் குழல் ஏழரை அங்குலம். 1892இல் .38 அளவு ரிவால்வர் ஏற்கப்பட்டதும் அவை கிடங்குக்குப் போயின. 1890களின் நடுவிலிருந்து அவற்றை எடுத்துக் குழலை ஐந்தரை அங்குலமாகக் குறுக்கிப் பழுது பார்த்தபோது, பாகங்களைக் கழற்றிக் குவித்து, கைக்கு வந்ததை எடுத்துப் பொருத்தினார்கள். எண்கள் கலந்தன. அதாவது இங்கே எண் கலந்திருப்பதே உண்மையான ராணுவச் சேவையின் அடையாளம். எல்லா எண்ணும் ஒத்துவந்தால் அந்தத் துப்பாக்கிக்குத் தனி விளக்கம் தேவைப்படும். ஆனால் ஒத்த எண் என்ற பொது அளவுகோலில் வளர்ந்த சந்தை இதற்கு நேர்மாறாகத் தூண்டியது. குறுக்கிய துப்பாக்கிக்கு நீளக் குழல் மாட்டி, எண்ணைத் திருத்தி, குதிரைப்படை மாதிரியாக ‘மீட்டெடுத்த’வை புழங்குகின்றன. தொடக்ககாலத்தில் ராணுவத்துக்காகத் துப்பாக்கிகளைத் தரம் பார்த்த ஆர்வில் எய்ன்ஸ்வொர்த்தின் முத்திரை இருந்தால், தளபதி கஸ்டரின் புகழ்பெற்ற ஏழாம் குதிரைப்படையோடு தொடர்புபடுத்தும் ஆசை சேர்ந்து இந்தத் திருத்தத்துக்கு இன்னும் லாபம்.

முழுக்க ஒத்த எண்கள் இல்லையென்றால் போலியைத் தடுக்க வேறென்ன வழி என்று விற்பவர் கேட்பது நியாயமே. எண்ணைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் எண்ணைத் திருத்த அரமும் எழுத்தச்சும் போதும் என்பதால், ஒத்துவருவதை மட்டும் பார்ப்பது போலிக்காரனுக்கே உதவி. தேய்மானம் எல்லாப் பாகங்களிலும் ஒரே மாதிரி இருக்கிறதா, எண்ணைச் சுற்றியுள்ள உலோகம் பள்ளமாகியிருக்கிறதா, எழுத்தச்சின் வடிவம் அந்தக் காலத்து ஆலையினுடையதா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏலப் பட்டியல்கள் எண் கலந்த துப்பாக்கியை ‘பொருந்தாதது’ என்று ஒற்றைச் சொல்லில் தள்ளாமல், எந்தப் பாகத்தில் எந்த எண் என்று முழுதாக அச்சிடலாம். 1874இன் சட்டகத்தில் 1880களின் சிலிண்டர் வந்து சேர்ந்த பாதையை, அப்படிப்பட்ட பட்டியல்கள் சில நூறு குவிந்தால், பழுதுபார்த்த பட்டறையின் வேலைமுறையாகவே வாசித்துவிடலாம்.